பீர் கிளாஸ் கழுவுவது எப்படி: நுரை நிற்காமல் நாலு மாதம் அலைந்தவன் எழுதுவது

போன பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன், வேட்டிகளுக்கு நடுவே சுற்றி ஆறு பீர் கிளாஸ் கொண்டுவந்தார். அரை லிட்டர் பிடிக்கும். மேலே அகன்று இடுப்பு ஒடுங்கிய, கோதுமை பீருக்கான உயரமான கிளாஸ். முதல் நாள் ஊற்றியதும் மூன்று விரல் உயரத்துக்கு நுரை நின்றது. ஒரு வாரம் கழித்து அதே பீரை அதே கிளாஸில் ஊற்றினால், கோலி சோடா மாதிரி புஸ்ஸென்று எழுந்து அப்படியே அடங்கிவிட்டது. "பீர் பழசுடா" என்றார் அண்ணன். கடையை மாற்றினோம், பிராண்டை மாற்றினோம், டின்னுக்கு மாறினோம். அவர் ஊருக்குப் போன பிறகும் நான் நாலு மாதம் பீரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

குற்றம் பீரில் இல்லை. கோழி வறுத்த வாணலியைத் துலக்கிய அதே நாரால், வீட்டுப் பின்பக்கக் கட்டுத்துறைத் தொட்டியில், போர்த் தண்ணீரில் அந்தக் கிளாஸ்களும் கழுவப்பட்டுக்கொண்டிருந்தன. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தன. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு, பீருக்குச் சுத்தமாக இருப்பது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

பீர் நுரையைத் தாங்குவது பார்லியிலிருந்து வரும் புரதமும், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருளும். கொழுப்பு பட்டால் நுரைக்குமிழியின் சுவர் உடைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமே போதும். வேதியியல் இத்தனை தெரிந்தால் போதும், இனி வேலையைப் பார்ப்போம்.

(தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகாதவர்கள் இதை சோடா கிளாஸுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அழுக்குக் கிளாஸில் சோடாக் குமிழியும் இப்படித்தான் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.)

1. கிளாஸ் எந்த வகை என்று பாருங்கள்

கழுவும் முன் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சாதாரணக் கண்ணாடி என்றால் கீழே சொல்லும் எல்லாமே பொருந்தும். விளிம்பில் தங்கக் கோடோ, பக்கத்தில் அச்சிட்ட படமோ இருந்தால் நாரும் வாஷிங் சோடாவும் ஆகாது. மெத்தென்ற பஞ்சும் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டும் போதும். பாத்திரம் கழுவும் மெஷினில் அதைப் போடவே கூடாது.

சில கிளாஸின் உள்ளே, அடிப்பாகத்தில், சொரசொரப்பாக ஒரு வட்டமோ எழுத்தோ தெரியும். அழுக்கு என்று நினைத்து நான் அதைப் பழைய பல் பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தேன். அது அழுக்கில்லை. குமிழி அங்கிருந்து தொடர்ந்து எழவேண்டும் என்று தயாரித்தவர்களே பொறித்தது. விட்டுவிடுங்கள்.

அப்புறம், அலமாரியில் இருக்கும் ஐயா காலத்துக் கிளாஸ்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். கையில் எடுத்தால் கனமாக, விரலால் சுண்டினால் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் அது ஈயம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். எப்போதாவது ஒரு வேளை ஊற்றிக் குடிப்பது வேறு. அதில் எதையும் மணிக்கணக்கில் ஊற்றி வைக்காதீர்கள், 5-ஆம் படியில் வரும் அமிலக் குளியலும் கொடுக்காதீர்கள். உள்பக்கம் வர்ணம் தீட்டியிருந்தால் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனதால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது.

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீடென்றால் உங்களுக்குப் பாதிக் கவலை இல்லை. சுற்றுக் கிராமங்களில் போர் போட்டவர்களுக்குத்தான் பாடு. அடுப்படியில் கேட்டாலே தெரிந்துவிடும். துவரம்பருப்பு வேக நேரமாகிறதா, பாத்திரத்தின் அடியில் வெள்ளை பிடிக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கடினத் தண்ணீர்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டி, சுத்தமான பாட்டிலில் மாதிரி கொடுக்க வேண்டும். பாட்டிலை முதலில் அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். எந்த இடத்துத் தண்ணீர், எந்தத் தேதி என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். அறிக்கையில் ‘மொத்தக் கடினத்தன்மை’ என்ற வரியைத் தேடுங்கள். இந்தியத் தரநிலை 10500-இன்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் போரில் 640 வந்தது. அறிக்கை கைக்கு வர எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தொலைத்துவிடாதீர்கள், வாட்டர் ஹீட்டர் வாங்கும்போதும் உதவும்.

கையடக்க டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து "கடினத்தன்மை இவ்வளவு" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்கிறது. கண்ணாடியில் வெள்ளை பிடிக்க வைப்பவை கால்சியமும் மெக்னீசியமும்தான்.

கடினத் தண்ணீர்க்காரர்களுக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. சரிந்த ஓட்டுக் கூரையிலிருந்து வீட்டு நடுவே இருக்கும் வளவு முற்றத்தில் கொட்டும் மழைத் தண்ணீரைப் பிடிக்கத்தான் அண்டாவும் கிடாரமும் வைத்தார்கள். மழைத் தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. ஐப்பசியில் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள், ஓட்டின் தூசி எல்லாம் அதில்தான் வரும். பிறகு வருவதை வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொசு புகாமல் மூடி வையுங்கள். கிளாஸைத் தேய்த்துக் கழுவ இது போதும். வாய் வைத்துக் குடிக்கும் பொருள் என்பதால் கடைசி அலசல் மட்டும் குடிதண்ணீரில் இருக்கட்டும்.

மழை இல்லாத மாதங்களில் கேன் தண்ணீர்தான். 20 லிட்டர் கேன் எங்கள் பக்கம் 35 ரூபாய். ஒரு கிளாஸைக் கடைசியாக அலச 200 மில்லி போதும். கணக்குப் போட்டால் கிளாஸுக்கு 35 காசு. இதற்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

3. வாங்க வேண்டியவை

நான் வாங்கியபோது கொடுத்த விலை இது. உங்கள் ஊரில் பத்து இருபது கூடும், குறையும்.

- வாஷிங் சோடா, அரை கிலோ: 40 ரூபாய். ஆப்ப சோடா இல்லை, அது வேறு.
- எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 100 கிராம்: 45 ரூபாய். இல்லையென்றால் வெள்ளை வினிகர்.
- நீளக் கைப்பிடி வைத்த பாட்டில் பிரஷ்: 90 ரூபாய்.
- மெத்தென்ற பஞ்சு இரண்டு: 40 ரூபாய்.
- கிளாஸ் கவிழ்க்கக் கம்பிக் கூடை: 250 ரூபாய்.
- பிளாஸ்டிக் பேசின்: வீட்டில் இருப்பதே போதும். அலுமினியம் கூடாது, வாஷிங் சோடா அதை அரித்துவிடும்.

மொத்தம் 465 ரூபாய். சோடாவும் எலுமிச்சை உப்பும் ஒரு வருஷம் வரும்.

பிரஷ்ஷையும் பஞ்சையும் வாங்கிய அன்றே ஒரு தனி டப்பாவில் போட்டு, அடுப்படியை விட்டு வெளியே வையுங்கள். வேறு நிறத்தில் வாங்கினால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் மஞ்சள் பஞ்சு இரண்டே நாளில் குழம்புச் சட்டிக்குப் போய்விட்டது. இப்போது நீலப் பஞ்சு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வேலைக்கு வரும் அக்காவிடம், "இது கிளாஸுக்கு மட்டும்கா" என்று ஒரே ஒரு முறை நின்று காட்டிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்னைவிட அவர்தான் அதில் கறாராக இருக்கிறார்.

4. முதல் முறை: எண்ணெய்ப் படலம் எடுத்தல்

புதுக் கிளாஸோ, பல மாதம் அடுப்படியில் புழங்கிய கிளாஸோ, ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும். ஆறு கிளாஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கை பொறுக்கும் சூட்டில் மூன்று லிட்டர் மழைத் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் எடுத்து, ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரையுங்கள். கை உரியும், உறை போட்டுக்கொள்ளுங்கள். கிளாஸைப் படுக்க வைத்து மூழ்கச் செய்து பத்து நிமிடம் விடுங்கள். மறந்துபோய் ராத்திரி முழுக்க விடக் கூடாது, காரம் கண்ணாடியையே மெல்ல அரிக்கும். பிறகு பிரஷ்ஷால் உள்ளே சுற்றுங்கள். அடி, பக்கம், கடைசியாக விளிம்பு. உதடு படும் விளிம்பின் வெளிப்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சுக்கா வறுவல் தின்ற வாயின் எண்ணெய் முழுக்க அங்கேதான் இருக்கும். அலசிவிட்டுக் கூடையில் கவிழ்த்துங்கள்.

போர்த் தண்ணீரில் வாஷிங் சோடாவைக் கரைக்காதீர்கள். நான் கரைத்தேன். சோடாவும் தண்ணீரிலிருக்கும் கால்சியமும் சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாகத் திரிந்து, ஆறு கிளாஸும் விபூதி பூசிய மாதிரி ஆகிவிட்டன. அப்பத்தா பார்த்துவிட்டு, "இதுக்கு அதக் கழுவாமலே வச்சிருக்கலாம்" என்றார்.

கொதிக்கும் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அடி தடித்த கிளாஸில் ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் ஏறாமல் பட்டென்று விரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிளாஸில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான்.

5. வெள்ளைப் படிவு இருந்தால்

ஒரு சொட்டு வினிகரை அந்த இடத்தில் விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். தெளிந்தால் அது சுண்ணாம்புப் படிவு, போய்விடும். தெளியாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை, காசு செலவழிக்காதீர்கள்.

படிவு என்றால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு. கிளாஸை அதில் அரை மணி நேரம் ஊற வைத்து, பஞ்சால் துடைத்து, நன்றாக அலசுங்கள்.

புளி வேண்டாம். பித்தளைக்கு அது சரி, கண்ணாடியில் பிசுக்கு நிற்கும். எலுமிச்சை மூடியை அப்படியே வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். சாறு நல்லதுதான், ஆனால் தோலில் எண்ணெய் இருக்கிறது. எந்த எண்ணெயை எடுக்க இத்தனை பாடுபட்டோமோ அதையே திரும்பப் பூசுகிறோம்.

இந்த வேலையை வளவிலோ பட்டாலைக் கூடத்திலோ உட்கார்ந்து செய்யாதீர்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்வது. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால்தான் அதற்கு அந்தப் பளபளப்பு. அமிலம் பட்டால் அந்த மேல்பூச்சு அரித்து மங்கிவிடும். எங்கள் வீட்டில் பூப்போட்ட கல் ஒன்றில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்த வட்டம் இருக்கிறது. அதன் மேல் இப்போது ஒரு பூந்தொட்டி நிற்கிறது, அப்பச்சிக்கு இன்னும் தெரியாது. கட்டுத்துறைக் கருங்கல் மேலோ ஸ்டீல் தொட்டியிலோ செய்யுங்கள்.

வினிகரையோ எலுமிச்சை உப்பையோ பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். இது சாதாரண எச்சரிக்கை இல்லை.

6. அன்றாடக் கழுவல்

இது ஒரு கிளாஸுக்கு ஒரு நிமிட வேலை. குடித்து முடித்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. அன்று ராத்திரி இது மட்டும் செய்தாலும் போதும். அப்படியே விட்டால் காலையில் நுரை காய்ந்து வளையம் வளையமாக ஒட்டியிருக்கும், எறும்பும் வந்திருக்கும்.

மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டே சொட்டு லிக்விட். வாசனை குறைந்ததாகப் பாருங்கள். நீலப் பஞ்சு, பிரஷ், உள்ளும் புறமும். இரண்டு முறை அலசி, மூன்றாம் முறை குடிதண்ணீர். லிக்விட் மிச்சம் நின்றாலும் நுரை போகும், எண்ணெய் நின்றாலும் போகும். அதனால் சோப்பைக் கூட்டினால் சுத்தம் கூடும் என்ற பழக்கம் இங்கே எடுபடாது.

பாத்திரம் துலக்கும் பார் வேண்டாம். அதில் தேய்ப்புக்காகக் கனிமப் பொடி கலந்திருக்கும். சாம்பல், தேங்காய் நார், கம்பி நார் மூன்றுமே கீறும். கீறலில் குமிழி ஒட்டும், அழுக்கும் தங்கும். மாதம் ஒரு முறை 4-ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

7. உலர்த்துதல்

துணியால் துடைக்காதீர்கள். நம் வீட்டுத் துடைப்புத் துணியில் எண்ணெய் இல்லை என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. துணி இழை வேறு உள்ளே ஒட்டும். துண்டை விரித்து அதன் மேல் கவிழ்ப்பதும் தப்பு. உள்ளே காற்றுப் போகாமல் ஈரவாடை பிடித்துவிடும்.

கம்பிக் கூடையில், கீழே காற்றுப் போகிற மாதிரி கவிழ்த்துங்கள். சித்திரை வெயிலில் அரை மணி, கார்த்திகையில் மூன்று மணி. முற்றத்தில் வைத்தால் காக்கை, பூனை இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஆறில் ஒன்று பூனையால் போனது.

8. சுத்தமா என்று பார்க்க

தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். உள்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், ஈரக் கிளாஸின் உள்ளே உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சீராக ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் படலம். பொடி உப்புதான், கல் உப்பு எந்தக் கிளாஸிலும் ஒட்டாது. நான் கல் உப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, நல்ல கிளாஸை மூன்று முறை கழுவினேன்.

கடைசிச் சோதனை பீர்தான். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் கிளாஸில் நின்றால் எல்லாம் சரி. பக்கச் சுவரில் குமிழி கொத்தாக ஒட்டியிருந்தால் மறுபடி 4-ஆம் படி.

9. வைக்கும் இடம்

அடுப்படி அலமாரி கூடவே கூடாது. தாளிக்கும் புகை மூடிய கதவுக்குள்ளும் போகும். பத்து நாளில் படலம் வந்துவிடும். தேக்கு பீரோவும் யோசிக்க வேண்டியதுதான். பட்டுப்புடவையோடு அந்துருண்டை போட்ட பீரோவில் இரண்டு மாதம் வைத்திருந்த கிளாஸில் பீர் குடித்துப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம்.

பட்டாலைக் கண்ணாடி அலமாரியில் நேராக நிறுத்தி, மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டால் போதும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்காதீர்கள். அடுக்கிச் சிக்கிக்கொண்டால் திருகி இழுக்க வேண்டாம். உள் கிளாஸில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளிக் கிளாஸை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்துங்கள், தானே கழன்றுவரும்.

10. ஊற்றுவதற்கு முன்

கிளாஸைக் குளிர்ந்த குடிதண்ணீரில் ஒரு முறை அலசி, உதறிவிட்டு, ஈரத்தோடு ஊற்றுங்கள். தூசி போகும், நுரையும் அடக்கமாக எழும். ஃபிரீசரில் வைத்து வெள்ளை பூத்த கிளாஸில் ஊற்றுவது பார்க்க அழகுதான். அந்தப் பனி உருகிப் பீரில் கலக்கும், நுரை கன்னாபின்னாவென்று பொங்கும். ஃபிரீசரில் வஞ்சிரம் இருந்தால் அந்த வாடையும் இலவசம்.

நம்மூர்ப் பெரிய பாட்டில் 650 மில்லி. அரை லிட்டர் கிளாஸில் ஒரே மூச்சில் கவிழ்க்காமல் சாய்த்துப் பிடித்து இரண்டு தடவையாக ஊற்றுங்கள். கூடவே நண்டு வறுவல் தின்றால் நுரை சீக்கிரம் போகத்தான் செய்யும். அதற்குக் கிளாஸைக் குறை சொல்லாதீர்கள். நண்டை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

11. பில், பார்சல், உடைசல்

தபாலில் வரவழைத்தால், பெட்டியைப் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு முதலில் தெரிய வேண்டும். எனக்கு ஒரு முறை நாலில் இரண்டு விரிசலோடு வந்தது. வீடியோ இல்லாததால் பணம் திரும்பவில்லை. எத்தனை நாளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை வாங்கும் முன்பே பார்த்து வையுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய கிளாஸ் வாங்கினால் கடைக்காரரிடம் கைப்பட எழுதிய பில்லாவது கேளுங்கள். தேதி, பொருள், விலை இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் அதை எடுத்துப்போக ஆசைப்பட்டால் கவனம்: 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாடு கொண்டுபோக முடியாது. அத்தனை பழசில்லை என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் வாக்குவாதம் மிச்சம். கிளம்பும் வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

விளிம்பில் சில்லு பெயர்ந்த கிளாஸில் குடிக்க வேண்டாம். விரல் நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினால் தட்டும். உடைந்ததை நாலைந்து செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருபவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.